ஒரு நூல்கூட அசையாத சுவர்

வாங்க தம்பி, வாங்க. கேட்டைத் தள்ளுங்க, திறக்கும். மேல் வீட்டை வாங்கினது நீங்கதானே? நேத்தே பார்த்தேன். ரோட்டு ஓரமா நின்னு என் சுவரையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. தப்பில்ல, தப்பில்ல. நாலு பேர் பார்க்கத்தான் கட்டினேன். உக்காருங்க, இந்தக் கட்டை மேலயே உக்காருங்க. ஒட்டாது. வெயில் காலத்துல மட்டும் லேசா எண்ணெய் கசியும், இப்ப ஒண்ணும் ஆகாது.

தண்டவாளத்துக்கு அடியில போடற இந்த ஸ்லீப்பர் கட்டை எங்க கிடைக்கும்னு கேக்கறீங்க. உங்க தோட்டமும் சரிவு, மண்ணு இறங்குது, இதே மாதிரி குட்டையா ஒரு தடுப்பு கட்டணும். அதானே? சொல்றேன். ஆனா கடை பேரை மட்டும் கேட்டுக்கிட்டு ஓடிடாதீங்க. இந்தச் சுவருக்குப் பின்னாடி ஒரு வழக்கு இருக்கு. முழுசா கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க. இந்தத் தெருவுல எனக்கு நியாயம் சொல்ல ஒரு ஆள் இல்ல. என் வீட்டுக்காரியே அந்தப் பக்கத்து சாட்சி.

என் பேர் சூசைமாணிக்கம். அந்தப் பேரைச் சொன்னா இங்க யாருக்கும் தெரியாது. மேட் வீடுன்னு கேட்டா குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இருந்தே வழி சொல்லுவாங்க. ரயில்வேயில கேங்மேட்டா இருந்தவன். தண்டவாளத்தைச் சரி பார்க்கற ஆளுங்க இருக்காங்கல்ல, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை. ஜோலார்பேட்டை, மொரப்பூர், கரூர், போத்தனூர்னு நான் பார்க்காத ஊரில்ல, நான் தூக்காத ஸ்லீப்பர் இல்ல.

வீட்டுக்காரி பேர் ரெஜினா. அவளுக்குச் செடின்னா உசுரு. நாங்க போற ஒவ்வொரு ரயில்வே குவார்ட்டர்ஸ்லயும் முதல் வேலையா மண்ணைக் கொத்திடுவா. பாத்திரம் பண்டம் மூட்டையிலயே கிடக்கும், இவ வாசல்ல ரோஜா நட்டுக்கிட்டிருப்பா. அந்த ரோஜா மொட்டு விடும். மொட்டு விட்டதும் எனக்கு ட்ரான்ஸ்பர் ஆர்டர் வரும். நான் சும்மா சொல்லல தம்பி, மொட்டைப் பார்த்தாலே நான் மூட்டை கட்ட ஆரம்பிச்சுடுவேன். மொரப்பூர்ல ஒரு தடவை செடியைத் தகர டப்பாவுல வச்சு ரயில்ல கொண்டு போனோம். கரூர் போறதுக்குள்ள வாடிப் போச்சு. அதுக்கப்புறம் அவ எதையும் புடுங்கிக் கொண்டு வந்ததில்ல. ஆனா கிளம்பற அன்னிக்கு, வண்டிக்கு நேரம் ஆச்சுன்னு நான் கத்திக்கிட்டிருப்பேன், இவ குடத்தைத் தூக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருப்பா. யாருக்குடி ஊத்தறேன்னு கேட்டா, அடுத்து வர்றவங்க பார்ப்பாங்கல்லம்பா.

அப்ப ஒரு நாள் நான் வாக்கு கொடுத்தேன். இந்தா பாரு ரெஜினா, ரிட்டயர் ஆனதும் உனக்கு நகராத மண்ணு தர்றேன். அதுல நீ என்ன வேணா நட்டுக்கோ. எந்த ஆபீசர் வந்தாலும் உன்னை அசைக்க முடியாது. அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டுத்தான் நான் மிச்ச சர்வீசை ஓட்டினேன்.

இந்த இடம் அவ அப்பா விட்டுட்டுப் போனது. நல்ல இடம், நல்ல தண்ணி, காலையில வெயில் நேரா விழும். ஒரே குறை, சரிவு. மேல நீங்க, நடுவுல நாங்க, கீழ போஜன். போஜன்னா, அதோ அந்த ஓட்டு வீடு, காரட் போட்டிருக்கானே, அவன்தான். அவன் வீட்டுக்காரி மாதி. நல்ல ஜனங்கதான்னு ஊர் சொல்லும். சொல்லட்டும்.

இங்க மழை பெஞ்சா மண்ணு நிக்காது. கொத்தனாரைக் கூப்பிட்டேன், கருங்கல்லுல கட்டணும்னான். எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம்னு கேட்டுட்டு அவன் பாட்டுக்கு மரத்தடியில உக்காந்து பீடி பத்த வச்சான். எனக்குப் புடிக்கல. மேட் வீட்டுத் தோட்டத்துக்குக் கொத்தனார் வந்து கட்டறதா? ரயிலையே தாங்கின கட்டை இருக்கு. அது ரெஜினாவோட டேலியாப் பூச்செடியைத் தாங்காதா?

மேட்டுப்பாளையத்துல ரயில்வே ஏலத்துல எடுத்த கட்டையெல்லாம் ஒரு மரக்கடைக்காரர் அடுக்கி வச்சிருக்கார். இப்பத்தான் எல்லா இடமும் சிமென்ட் ஸ்லீப்பர் ஆயிடுச்சே, மரக்கட்டை எல்லாம் வெளிய வந்துடுச்சு. நீங்க போகும்போது ஒரு சுத்தியல் கொண்டு போங்க. தட்டிப் பாருங்க. ணங்குன்னு கேட்டா எடுங்க, பொத்துன்னு கேட்டா உள்ள உளுத்துப் போச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு, இந்தக் கட்டைக்கு எண்ணெய் ஏத்தியிருப்பாங்க, கரையான் வராம இருக்க. அதனால இது பக்கத்துல கீரை, காரட்னு வாய்க்குப் போற எதையும் போடாதீங்க. பூச்செடிதான். ரெஜினாவுக்குப் பூதான் வேணும், அதனால எனக்குப் பிரச்சனை இல்ல.

கட்டை வந்து இறங்கிச்சு. தூக்க ஆள் வேணுமே? என் பழைய கேங்க் ஆளுங்களுக்கு ஒரு போன் போட்டேன். அத்தனை பேரும் ரிட்டயர் ஆனவங்க. ஒருத்தனுக்கு சுகர், ஒருத்தனுக்கு இடுப்பு, ஒருத்தனுக்குக் காது. ஸ்லீப்பர்னு சொன்னதும் எல்லாருக்கும் எல்லாம் சரியாப் போச்சு. முதல் பஸ்ஸுக்கு வந்து நின்னானுங்க. தினமும் லைன் நெடுக நடந்து ஆணி இறுக்கின கீமேன் வேலப்பன் வந்தவுடனே என்ன பண்ணான் தெரியுமா? பையில இருந்து சிவப்புக் கொடியை எடுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு குத்தி வச்சுட்டான். எங்க சட்டம் அது. கொடி குத்தாம கடப்பாரையைத் தொடக் கூடாது. கோத்தகிரி பஸ் வந்து நின்னுடுச்சு. டிரைவர் தலையை நீட்டி, என்னய்யா ஆச்சு, பாறை விழுந்துடுச்சாங்கறார். வேலப்பன் பச்சைக் கொடி காட்டினதும்தான் போனார். பச்சையும் கொண்டாந்திருந்தான் பாருங்க!

பள்ளம் தோண்டினோம், ஜல்லி கொட்டினோம், குத்திக் குத்தி இறுக்கினோம். நான் "புடிச்சுக்கோ"ன்னு குரல் விடுவேன், அவனுங்க "புடிச்சாச்சு"ம்பானுங்க. "தூக்கிக்கோ" "தூக்கியாச்சு." "வெச்சுக்கோ" "வெச்சாச்சு." அந்தச் சத்தத்துல கீழ் வீட்டு போஜன் காரட்டை விட்டுட்டு வந்து நின்னு வேடிக்கை பார்த்தான். ரெஜினா எல்லாருக்கும் பிரியாணி போட்டா. அந்த ஒரு நாள் போதும் தம்பி, அதுக்காகவே நீங்க ஒரு சுவர் கட்டலாம்.

இப்ப முக்கியமான இடம். ஸ்லீப்பரும் ஸ்லீப்பரும் ஒட்டக் கூடாது. இது எங்க வேதம். எந்தத் தண்டவாளத்துலயாவது ரெண்டு கட்டை தொட்டுக்கிட்டுக் கிடந்து பார்த்திருக்கீங்களா? இருக்காது. நடுவுல இடம் விட்டு ஜல்லியை நிரப்பணும். தண்ணி நிக்காம ஓடணும். தண்ணி நின்னா லைன் உக்காந்துடும். அதனால கட்டைக்கும் கட்டைக்கும் நாலு விரல் இடைவெளி விட்டேன். மேல் வரிசைக் கட்டையோட சந்தும் கீழ் வரிசைக் கட்டையோட சந்தும் ஒரே நேர்க்கோட்டுல, நூல் பிடிச்ச மாதிரி. ஓட்டை போட்டு ஒவ்வொரு முனையிலயும் இரும்புக் கம்பியை அடிச்சு இறக்கினேன். உள்பக்கம் ஜல்லி. அதுக்குப் பின்னாடி மண்ணு.

ரெஜினா வந்து நின்னு பார்த்தா. "ஏங்க, இந்தச் சந்து வழியா மண்ணு போயிடாது?"

"தண்ணி போகும்டி. மண்ணு ஏன் போகுது?"

"தண்ணி தனியாவா போகும்?"

சின்னப் பிள்ளைங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னா வேலை நடக்காது. அவ உள்ள போய் பழைய சாக்கு ரெண்டு மூணு கொண்டாந்தா. இதையாவது உள்பக்கம் விரிச்சு விடுங்களேன்னா. நான் கேட்டேன், தண்டவாளத்துக்கு எவனாவது சாக்கு போர்த்துவானாடி? கேங்க் ஆளுங்க எல்லாம் சிரிச்சானுங்க. வேலப்பன் சிரிச்சதுல பல் செட் கழண்டுடுச்சு. ரெஜினாவும் சிரிச்சுக்கிட்டே சாக்கைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டா. அவளுக்குக் கோபம் இல்ல. இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

வேலை முடிஞ்சதும் ரசமட்டம் வச்சுப் பார்த்தேன். குமிழி நடுவுல வந்து நின்னுச்சு. எந்த இடத்துல வச்சாலும் நடுவுல. வேலப்பன் சொன்னான், மேட், இதுல எக்ஸ்பிரஸ் விடலாம் மேட். ரெஜினா சொன்னா, வண்டி வேணாம்ணே, செடி நின்னா போதும்.

நின்னுச்சு! நல்லாத்தான் நின்னுச்சு. எரு போட்ட மண்ணை நிரப்பி, அதுல அவ டேலியாக் கிழங்கை நட்டா. அந்தக் கிழங்கு எல்லாம், சர்ச்ல கூட வர்ற பொம்பளைங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு வாங்கினது. சிவப்பு எங்க, மஞ்சள் எங்கன்னு குச்சி நட்டு அடையாளம் வச்சா. சாயங்காலம் ஆனா இதோ நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்திருப்பா. இது நம்ம மண்ணுங்க, இல்லங்க? அப்படிம்பா. ஆமாடின்னு சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகும். என் வாழ்க்கையில நான் ஒழுங்கா செஞ்ச வேலை இதுதான்னு நினைச்சுக்குவேன்.

ஐப்பசி மழை வந்துச்சு.

தினமும் காலையில குடையைப் புடிச்சுக்கிட்டு வந்துடுவேன். நூல் கட்டிப் பார்ப்பேன், ரசமட்டம் வைப்பேன். உள்ள பார்த்துக் குரல் கொடுப்பேன், "ரெஜினா! ஒரு நூல்கூட அசையல!" அவ அடுப்படி ஜன்னல்ல இருந்து, "மண்ணு இறங்கற மாதிரி இருக்குங்க"ம்பா. புது மண்ணு இறங்கத்தான் செய்யும், அமருதுன்னு சொல்வேன். மறுநாள், "ஒரு நூல்கூட அசையல!" அவ, "குச்சி சாஞ்சிருக்குங்க"ம்பா. குச்சிக்கு நான் என்ன பண்றது? நான் சுவரைப் பார்க்க வந்தவன்.

அப்புறம் மழை புடிச்சுது பாருங்க, ஊரே மிதந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தோம். வந்ததும் வராததுமா நான் ரசமட்டத்தை எடுத்துக்கிட்டுச் சுவர்கிட்ட ஓடினேன். வச்சேன். குமிழி நடுவுல. அந்த மழையிலயும் நடுவுல! எனக்கு சந்தோஷம் தாங்கல. "ரெஜினா, அசையலடி!"ன்னு கத்திக்கிட்டே திரும்பினேன்.

அவ குடையை மடக்கிக் கையில வச்சுக்கிட்டு மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறா. பார்வை சுவர் மேல இல்ல, சுவருக்கு இந்தப் பக்கம். அப்பத்தான் நானும் பார்த்தேன். மண்ணு இல்ல தம்பி. அந்தப் பக்கமும் பள்ளம், இந்தப் பக்கமும் பள்ளம், நடுவுல என் சுவர் மட்டும் ராஜா மாதிரி நிக்குது. ஜல்லி, மண்ணு, எரு, குச்சி, கிழங்கு, அத்தனையும் அந்த நாலு விரல் சந்து வழியா கீழ போயிடுச்சு.

அவ கத்தியிருந்தா, திட்டியிருந்தா, நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சரியாப் போயிருக்கும். அவ உள்ள போய் ஈரத் துணியை மாத்திக்கிட்டு சோறு வடிக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல. நகராத மண்ணுன்னு சொன்னவன் நான்தானே.

ஆனா சுவர்ல தப்பில்ல. அதை நீங்க மனசுல வச்சுக்கணும். சுவர் நின்னுச்சு. மண்ணுதான் போச்சு.

எங்க போச்சு? போஜன் நிலத்துக்கு! பாய் விரிச்ச மாதிரி என் கறுப்பு மண்ணு அவன் நிலத்துல கிடக்கு. விடுவேனா? மழை விட்டதும் ரோடு வழியா சுத்திப் போய் அவன் வாசல்ல நின்னேன்.

"போஜா, என் மண்ணு உன் நிலத்துல இருக்கு."

"ஆமாங்க மேட் அண்ணே, நிறைய வந்திருக்கு. காரட் பாத்திகூட ரெண்டு மூடிப் போச்சு."

"அது எரு போட்ட மண்ணு."

"நல்ல மண்ணுதாங்கண்ணே. எடுத்துக்கங்க. சட்டி வேணுமா?"

பாருங்க, சண்டைக்குப் போனா எதிராளி சண்டை போட வேணாமா? சட்டி வேணுமாங்கறான்! அவன் காரட்டைப் பத்திப் பேசவா நான் போனேன்? அவன் காரட் மூடினதுக்கு நான் என்ன பண்ண முடியும், மழை பெஞ்சா மூடத்தான் செய்யும். மாதி வேற உள்ள இருந்து டீ கொண்டாந்து நீட்டுது. வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

மண்ணை அள்ளினேன். ரோட்டைச் சுத்தி, மேட்டுல மூச்சு வாங்க, சட்டி சட்டியா அள்ளிக் கொட்டினேன். அடுத்த மழையில அதுவும் சந்து வழியா போயிடுச்சு. போஜன் ஒரு கட்டு சாக்கு கொண்டாந்து கேட்டுல வச்சுட்டுப் போனான். இனிமே எதுக்கு சாக்கு? போறதுக்கு மண்ணு இருந்தாத்தானே! ஒரு மூலையில தூக்கிப் போட்டேன்.

மழை விட்டு, பனி விட்டு, வெயில் வந்துச்சு. ஒரு நாள் காலையில அடுப்படியில இருந்து ரெஜினா "ஏங்க!"ன்னு ஒரு சத்தம். பாம்புன்னு நினைச்சுக் கம்பை எடுத்துக்கிட்டு ஓடினேன். ஜன்னல் வழியா கீழ கையைக் காட்டறா. போஜன் நிலத்துல, என் மண்ணு கிடக்கற இடத்துல, டேலியா. ஒண்ணு ரெண்டு இல்ல, பாத்தி முழுக்க முளைச்சு நிக்குது. சிவப்பு மொட்டு, மஞ்சள் மொட்டு. போஜன் அந்த இடத்தைக் கொத்தாம, காரட் போடாம, அப்படியே விட்டு வச்சிருக்கான்.

ரெஜினா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. ரோட்டைச் சுத்திக் கீழ போனவ சாயங்காலம்தான் வந்தா. முழங்கை வரைக்கும் மண்ணு, முகமெல்லாம் சிரிப்பு. மறுநாளும் போனா. அதுக்கடுத்த நாளும் போனா. நான் இங்க சுவர் மேல உக்காந்திருப்பேன். கீழ அவளும் மாதியும் களை எடுக்கறது தெரியும், பேசறது கேக்கும். நடுநடுவுல சிரிப்பா. அவ அப்படிச் சத்தமா சிரிச்சு நான் கேட்டதே இல்ல தம்பி, எந்த குவார்ட்டர்ஸ்லயும். பொறாமைன்னு நினைக்காதீங்க. எனக்கு எதுக்குப் பொறாமை? சரி, கொஞ்சம் இருந்துச்சு.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுல சொன்னேன், வேலப்பனைக் கூப்பிடறேன், எல்லாச் செடியையும் மண்ணோட அப்படியே பேத்து மேல கொண்டாந்துடறோம். ரெண்டே நாள் வேலை.

"வேணாம்."

"உன் செடிடி அது."

"வேர் புடிச்சிடுச்சுங்க. இத்தனை வருஷமா நாம ட்ரான்ஸ்பர்ல போனோம், செடி நின்னுச்சு. இந்தத் தடவை செடி ட்ரான்ஸ்பர்ல போயிடுச்சு, நீங்க நில்லுங்க. இன்னொரு தடவை வேரோட எதையும் நான் புடுங்கறதா இல்ல."

சொல்லிட்டு எனக்கு ரசம் ஊத்தினா. எத்தனையோ ஆபீசருக்கு எதிர்ல நின்னு பேசினவன், தலையைக் குனிஞ்சு அந்த ரசத்தைக் குடிச்சேன்.

நீங்க என்ன சிரிக்கறீங்க? உங்க மண்ணு இறங்குதுன்னு சொன்னீங்களே, அது எங்க வந்து விழுதுன்னு பார்த்தீங்களா? இதோ, இந்தப் பள்ளத்துலதான். போன மாசத்துல இருந்து வந்துக்கிட்டிருக்கு. அதுல ஏதோ துளசி மாதிரி ஒண்ணு முளைச்சிருக்கு, உங்க வீட்டுதுதான். ரெஜினா அதுக்குத் தினமும் தண்ணி ஊத்தறா. நான் உங்ககிட்ட வந்து ஏதாவது கேட்டேனா? எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனா? இருக்கட்டும்.

கதைக்கு வர்றேன். இங்க இருந்து பார்த்தா போஜன் நிலம் கை நீட்டினா எட்டற தூரம். ஆனா போகணும்னா கேட்டைத் தாண்டி, ரோட்டுல இறங்கி, கொண்டை ஊசி வளைவு சுத்தி, அந்தச் சேத்துச் சந்து வழியா ஏறணும். ஏன்னா என் சுவர்ல நான் வழி விடல. முழு நீளத்துக்கும் கட்டிட்டேன். ரெஜினாவுக்கு முழங்கால் வலி வேற. ஒரு நாள் அந்த வளைவுல வழுக்கி விழுந்துட்டா. முழங்கை சிராய்ச்சு, புடவை கிழிஞ்சு, நொண்டிக்கிட்டு வந்தா. என்னடி ஆச்சுன்னா, ஒண்ணுமில்லங்கறா. மறுநாள் காலையில எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு மறுபடி செருப்பை மாட்டறா. நான் கடப்பாரையை எடுத்தேன்.

சுவரை இடிச்சேன்னு சொல்லாதீங்க. வழி விட்டேன். நடுவுல மேலயும் கீழயும் இருந்த கட்டைங்களை மட்டும் கம்பியோட பேத்து எடுத்து, பாதி பாதியா அறுத்து, சரிவுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பதிக்க ஆரம்பிச்சேன். ஒண்டி ஆளா இழுத்துக்கிட்டிருக்கேன், கீழ இருந்து போஜன் பேசாம ஏறி வந்து அந்த முனையைப் புடிச்சான். அவன்கிட்ட நான் பேசறதில்ல. ஆனா கட்டையைத் தூக்கணும்னா குரல் விடணும், விடாம தூக்கினா கால் நசுங்கிடும். "புடிச்சுக்கோ"ன்னேன். "புடிச்சாச்சு"ங்கறான். அன்னிக்கு வேடிக்கை பார்த்தபோதே கத்துக்கிட்டிருக்கான் பயல். "தூக்கிக்கோ" "தூக்கியாச்சு." அவ்வளவுதான் பேசினோம். அது பேச்சில்ல, வேலை.

இந்தப் பக்கம் வந்து பாருங்க. இதுதான் அந்தப் படி. ஒவ்வொண்ணும் மட்டம், ஒவ்வொண்ணுக்கும் அடியில ஜல்லி, குத்தி இறுக்கினது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இடம், ஒண்ணும் ஒண்ணும் ஒட்டல. பார்க்கும்போதே தெரியலையா, இது படியே இல்ல, லைன்! மலை இறங்கற லைன்! இது எனக்குக் கை வந்த வேலை. பின்னாடி சாக்கும் விரிச்சிருக்கேன். அது ரெஜினா சொன்னதுக்காக இல்ல. சாக்கு மூலையில சும்மா கிடந்துச்சு.

முதல் முதலா ரெஜினா இறங்கினா. ஒவ்வொரு படியிலயும் காலை அழுத்தி வச்சுப் பார்த்தா. ஆட்டம் இருக்கான்னு மேல இருந்து கேட்டேன். கடைசிப் படியில நின்னு திரும்பிப் பார்த்து, "வலிக்கவே இல்லங்க"ன்னா. நான் இந்தப் பக்கம் திரும்பி ரசமட்டத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். வேற என்ன பண்றது, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

நானா? நான் ஒரு தடவைகூட இறங்கல. அந்த ஆள் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல. மேட் பேச்சு மாற மாட்டான். தினமும் இந்த நேரத்துக்குக் கீழ இருந்து கூப்பிடறா, டீ குடிக்க வாங்கன்னு. நான் போறதில்ல. எனக்கு ரோஷம் உண்டு. இப்ப சொல்லுங்க, மண்ணு யாருது? நான் எரு போட்ட மண்ணு, நான் நிரப்பின மண்ணு, என் சுவர் வழியா போன மண்ணு. அப்ப யாருது?

கேட்டுச்சா? அவதான். "ஏங்க! பெரிய மஞ்சள் விரிஞ்சிடுச்சு! இன்னிக்காவது வந்து பார்த்துட்டுப் போங்களேன்!"

வந்துட்டேன்டி, இரு! காது கேக்குது, கத்தாதே!

இல்ல தம்பி, நீங்க நியாயமா யோசிங்க. என்னுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. தலையாட்டினீங்களே, நான் பார்த்தேன். அப்ப என் மண்ணுல நான் கால் வைக்க எவன்கிட்ட கேக்கணும்? போஜன் வாசப்படி அந்தக் கோடியில இருக்கு, அதை நான் மிதிக்கவே போறதில்ல. படியில இறங்கி நேரா என் மண்ணுல நிப்பேன், என் மண்ணுலயே நின்னு டீ குடிப்பேன், திரும்பி வந்துடுவேன். இதுல ரோஷம் எங்க போச்சு?

இந்தச் செருப்பு இங்கயே கிடக்கட்டும், கொஞ்சம் பார்த்துக்கங்க. வெறுங்காலோட மிதிச்சாத்தான் தெரியும், மண்ணு ஈரமா இருக்கா காஞ்சு போச்சான்னு. காஞ்சிருந்தா ஒரு குடம் ஊத்திட்டுத்தான் வரணும்.